தமிழ் எஸ்.எம்.எஸ். பாதிப் பேருக்குப் போகவில்லை, அவசரம்

வெயிலூர்க்காரன்:
வணக்கம். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்கான ஒரு சின்ன அமைப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வர வேண்டிய தேதியை எஸ்.எம்.எஸ். மூலம் நினைவூட்டுகிறோம். போன வாரத்திலிருந்து சிலருக்குப் போகிறது, சிலருக்குப் போவதே இல்லை. அனுப்பும் தளத்தின் பேனலில் எல்லாமே பச்சை. இன்னொன்று, "நலமா, பதில் அனுப்பவும்" என்று கேட்டால் ஒருவர்கூடப் பதில் போடுவதில்லை. தேதி தவறினால் மாத்திரை விட்டுப்போகும். சீக்கிரம் சொல்லுங்கள்.

நூல்கண்டு:
எந்த கேட்வே (எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பித்தரும் நிறுவனம்)? போகாதவர்கள் எல்லாரும் ஒரே நெட்வொர்க்கா? பச்சை என்றால் "சப்மிட்டட்" என்றா, "டெலிவர்ட்" என்றா? செய்தியை அப்படியே இங்கே போடுங்கள்.

ஆறாம்விரல்:
நீளம்தான் காரணம், பந்தயம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆக உடையும். "வணக்கம்" கண்ணுக்கு 5 எழுத்து, இயந்திரத்துக்கு 7. புள்ளியையும் தனியாக எண்ணும்.

வெயிலூர்க்காரன்:
நீளம் எல்லாருக்கும் ஒன்றுதானே, எப்படிச் சிலருக்கு மட்டும் போகிறது? பச்சை என்பது "சப்மிட்டட்". படம் இணைத்திருக்கிறேன்.

சின்னத்திண்ணை:
தம்பி, முதலில் அந்தப் படத்தை எடுங்கள். மூன்று பேரின் எண் அதில் தெரிகிறது. எச்.ஐ.வி. பற்றிய 2017 சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. எஸ்.எம்.எஸ். போகாவிட்டால்கூடச் சமாளிக்கலாம், இது வெளியே போனால் சமாளிக்க முடியாது.

வெயிலூர்க்காரன்:
எடுத்துவிட்டேன். பதற்றத்தில் கவனிக்கவில்லை, மன்னிக்கவும். செய்தி இதுதான்: "வணக்கம் (பெயர்). மாத்திரை வாங்க (தேதி) அன்று வரவும். அட்டையைக் கொண்டு வரவும்."

பழையமோடம்:
இதே கேள்விக்கு இங்கே குறைந்தது நான்கு முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது போல. "சப்மிட்டட்" என்றால் கேட்வே கையில் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் டி.எல்.டி.யில், அதாவது அனுப்புபவர்கள் பதிவு செய்ய வேண்டிய தளத்தில், பதிந்த டெம்ப்ளேட்டோடு (மாதிரி வாசகத்தோடு) ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் குப்பை. 2021 மார்ச்சில் இந்த வடிகட்டலைத் தொடங்கியபோது வங்கி ஓ.டி.பி.யே நின்றுபோய், ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். அதுகூடத் தெரியாமல் நோயாளிகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பக் கிளம்பினால் இப்படித்தான். உங்களுடையதை ப்ரொமோஷனல் (விளம்பரம்) என்று பதிந்திருப்பீர்கள். விளம்பரம் வேண்டாம் என்று டி.என்.டி. போட்டவர்களுக்குப் போகாது, இரவு 9 மணிக்கு மேல் யாருக்கும் போகாது.

வெயிலூர்க்காரன்:
ப்ரொமோஷனல் இல்லை, சர்வீஸ் என்றுதான் பதிந்திருக்கிறோம். போன மாதம் வரை ஒழுங்காகப் போனது.

இரவுப்பணி:
நான் செவிலியர். பதில் வராததற்குக் காரணம் எளிது. ஆறெழுத்து ஹெடரிலிருந்து (எண்ணுக்குப் பதில் தெரியும் அனுப்புநர் பெயர்) போகும் செய்திக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. அவர்கள் அனுப்பிப் பார்த்துத் தோற்றிருப்பார்கள். மிஸ்டு கால் எண் ஒன்று வையுங்கள். "கூப்பிட வேண்டுமானால் மிஸ்டு கால் கொடுங்கள்" என்றால் பாட்டிகூடச் செய்வார்.

கென்யாவில் இதை நன்றாகச் செய்தார்கள். வாரம் ஒரு முறை "மாம்போ?" என்று சுவாஹிலியில் ஒரே சொல், எப்படி இருக்கீங்க என்பதுபோல. 48 மணி நேரத்துக்குள் "சாவா" (நலம்) அல்லது "ஷிடா" (பிரச்சினை) என்று பதில் வர வேண்டும். பிரச்சினை என்றாலும், பதிலே வராவிட்டாலும் மையத்திலிருந்து போன் செய்வார்கள். 538 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் செய்தி பெற்ற குழுவில் 62 சதவீதம், பெறாத குழுவில் 50.

ஆறாம்விரல்:
தென்னிந்தியாவிலேயே 631 பேரிடம் செய்து பார்த்தார்கள், 2014இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. வாரம் ஒரு தானியங்கி அழைப்பு, ஒரு படச் செய்தி. வித்தியாசம் ஒன்றும் இல்லை. நம்மூருக்கு இது எடுபடாது.

இரவுப்பணி:
அங்கே "ஷிடா" என்று வந்தால் ஒரு ஆள் போனை எடுத்துப் பேசினார். இங்கே பேசியது இயந்திரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே.

பழையமோடம்:
தினமும் அனுப்பினால்தான் பழக்கம் வரும். வாரம் ஒன்று போதாது.

இரவுப்பணி:
அதையும் கென்யாவிலேயே சோதித்தார்கள். 2011இல் வந்த ஆய்வு. வாரம் ஒரு முறை பெற்றவர்களுக்குப் பலன் இருந்தது, தினமும் பெற்றவர்களுக்கு இல்லை.

பழையமோடம்:
ஆய்வு ஆயிரம் சொல்லும்.

சின்னத்திண்ணை:
ஆய்வை விடுங்கள், நான் சொல்கிறேன். 11 வருடமாக மாத்திரை போடுகிறேன். நடுவில் ஒரு இடத்திலிருந்து தினமும் ராத்திரி எட்டரைக்கு "மாத்திரை எடுத்தீர்களா?" என்று வரும். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி இருந்தது. வீட்டில் போன் ஒன்றுதான், பாதி நேரம் மாமியார் கையில். என்ன மாத்திரை என்று கேட்டார். சத்து மாத்திரை என்றேன். மறுநாளும் வந்தது. ஐந்தாம் நாள் சிம்மையே மாற்றினேன். மாற்றியதை மையத்துக்கும் சொல்லவில்லை.

தம்பி, உங்கள் செய்தியில் "மாத்திரை" எதற்கு? ஹெடரைத் தேடினால் யாருடையது என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் தளமே சொல்லிவிடும். அமைப்பின் பெயரிலேயே எல்லாம் இருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் போதும்.

நூல்கண்டு:
அக்கா சொல்வது முக்கியம். ஆனால் முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது. வெயிலூர்க்காரன், யார் அனுப்புகிறார்கள்? எல்லாம் ஒரே கம்ப்யூட்டரிலிருந்தா?

வெயிலூர்க்காரன்:
காலையில் ஆலோசகர் அக்கா பேனலிலிருந்து அனுப்புவார். மாலையில் நான் என் லேப்டாப்பில் எக்செல்லில் அடித்து ஏற்றுவேன். போன வாரம்தான் சேர்ந்தேன். இது சொல்ல வேண்டிய விஷயமா?

நூல்கண்டு:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! போகாதவை எல்லாம் மாலைப் பட்டியல்தானே? "கொண்டு" என்பதில் உள்ள "கொ"வைப் பாருங்கள். யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒற்றைக் குறியாக ஒகரம், அல்லது கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் இயந்திரத்துக்கு வேறு வேறு. உங்கள் விசைப்பலகை ஒருமாதிரி, டெம்ப்ளேட் பதிந்தவருடையது வேறுமாதிரி இருக்கலாம். நீங்களாக அடிக்காமல், பதிந்த டெம்ப்ளேட்டை நகலெடுத்து ஒரே ஒருவருக்கு, உங்கள் எண்ணுக்கே, அனுப்பிப் பாருங்கள். ரிப்போர்ட்டில் பிழைக் குறிப்பையும் படியுங்கள்.

ஆறாம்விரல்:
நீளமாகவும் இருக்கலாம்.

(இரண்டு நாள் கழித்து)

வெயிலூர்க்காரன்:
போகிறது. "கொ"தான். மிஸ்டு கால் எண்ணுக்குக் கேட்டிருக்கிறோம். நன்றி. கொஞ்சம் வேலை, அப்புறம் வருகிறேன்.

பழையமோடம்:
டெம்ப்ளேட் பிரச்சினை என்று நான்தான் முதலில் சொன்னேன்.

நூல்கண்டு:
ப்ரொமோஷனல் என்று சொன்னீர்கள் ஐயா.

சின்னத்திண்ணை:
"மாத்திரை"யை எடுத்தீர்களா, தம்பி?