வடசேரி இறங்கியதும் போட்டோ அனுப்பு

கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் பில் போடும் வேலை. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறியதும் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும், வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போட்டோ அனுப்ப வேண்டும். எவ்வளவு பாசம் என்று கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் தக்கலையில் பிளாக்; முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. அன்று ராத்திரி டிக்கெட்டில் இருந்த நேரத்தையும் போட்டோவில் இருந்த நேரத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தார். அடிக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். எதற்கென்றே தெரியாமல் நான் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் பஸ் லேட்டானாலே கை நடுங்கும். ஏடிஎம் கார்டு அவரிடம் போனதும், அம்மை வீட்டுக்குப் போவது நின்றதும் அதற்குப் பிறகுதான்.

– மார்த்தாண்டம்

எங்கள் வீட்டில் இதை நான் கவனிக்கவே இல்லை, என் மனைவிதான் கண்டுபிடித்தாள். தங்கச்சி மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை. வீடியோ காலில் போனை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்வாராம். ஆள் தூரத்தில் இருக்கிறார், பயம் இருக்கத்தானே செய்யும் என்று நான்கூட அவருக்காகப் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வாய் ஓயாத பெண், போனில் என் மனைவியிடம் "நல்லா இருக்கேன் மைனி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எல்லா காலும் ரெக்கார்டு ஆகி அவருக்குப் போகிறது என்பது கோயில் கொடைக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

– குலசேகரம் பக்கம்

நான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்க்கிறேன். என் சம்பளத்திலிருந்தே பஸ் காசு கேட்டு வாங்க வேண்டும், மிச்சத்துக்குக் கணக்கும் சொல்ல வேண்டும். அடி விழுந்தால்தான் கேஸ் என்று நினைத்திருந்தேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் சம்பளத்தைப் பிடுங்குவது, கேவலமாகப் பேசுவது, சொந்தக்காரரோடு சேரவிடாதது எல்லாம் வரும் என்று பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்தபோது சொன்னார்கள். வீட்டை விட்டு இறங்காமலே அந்தச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாமாம். பக்கத்து வீட்டு அக்கா போனில்தான் பேசினேன்.

– கருங்கல்

குலசேகரத்து அண்ணனுக்கு: தங்கச்சியிடம் போனில் எதுவும் கேட்காதீங்க. நேரில் போங்க, மைனியையும் கூட்டிக்கொண்டு.

– மார்த்தாண்டம்