கலைச்சொல் தேவை: தீயவரிடமும் இருக்கக்கூடிய அஞ்சாமைக்கு என்ன சொல்?

பா. எழுதியது:

அன்பர்களே, வணக்கம். இளங்கலை அறவியல் பாடநூலின் மூன்றாம் அலகு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாடம் 2001 செப்டம்பர் 11இல் தொடங்குகிறது. 19 பேர் 4 விமானங்களைக் கடத்தினார்கள். அமெரிக்க அதிபர் புஷ் அன்றே தாக்கியவர்களைப் பற்றி 'கோழை' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதே மாதம் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் அதை மறுத்தார்: அஞ்சாமை அறத்தின் பக்கமோ தீமையின் பக்கமோ சாராத பண்பு; அவர்களை வேறு என்ன சொன்னாலும் கோழைகள் என்று சொல்ல முடியாது என்றார். அடுத்த பக்கத்தில் அரிஸ்டாட்டில் வருகிறார். அவருக்கு அதே பண்பு நற்குணம். வரைவில் இரண்டு இடத்திலும் 'வீரம்' என்று இருப்பதால் 'கடத்தல்காரர்களின் வீரம்' என்று நிற்கிறது. தமிழில் அது பாராட்டு. மாற்றுச்சொல் வேண்டும்.

செ. எழுதியது:

'வீரம்' வடசொல், போகட்டும். 'மறம்' இருக்கிறதே! வீரமும் அதன் பொருள், தீவினையும் அதன் பொருள். குறள் 766 படைக்கு ஏமமான (காவலான) நான்கில் மறத்தை முதலில் வைக்கிறது. பாலைத்திணையில் வழிப்பறிப்போரும் மறவர், வேந்தன் படையில் நிற்போரும் மறவர். மறு, மறுதலை, மறல், மறலி எல்லாம் ஓரினம் என்றே கொள்கிறேன். எதிர்த்து நிற்றலே வேர்ப்பொருள். யாருக்காக எதிர்த்தான் என்பது அந்த வேரில் இல்லை.

மா. எழுதியது:

செ. ஐயா, வேர் இருக்கட்டும். கலைச்சொல் என்றால் பெயர், அடை, ஆள், எதிர்மறை என நான்கு வடிவமும் அதிலிருந்து கிளைக்க வேண்டும். 'மறமின்மை' என்றால் கோழைமையா, தீமையின்மையா? 'மறவர்' என்றால் மாணவர் முதலில் நினைப்பது சாதிப்பெயரை. இரண்டு வடிவம் உடைந்துவிட்டது.

நாளிதழில் 'பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை' என்று போடுகிறார்கள். அதைக் கொள்ளையனுக்கான புகழாரமாக யாரும் படிப்பதில்லை. நமக்கு வேண்டிய நடுநிலை 'துணி' என்ற வேரிலேயே புழங்கிக்கொண்டிருக்கிறது. என் வாக்கு 'துணிவு'.

கு. எழுதியது:

மா. அம்மா சொல்வது சரி, ஆனால் 'துணிவு' என்றால் முடிவு என்றும் பொருள். நன்னூலின் 'ஒருதலை துணிவு' அதுதான். இதே நூலில் தர்க்க அலகும் இருக்கிறது. அங்கே 'துணிவு', 'துணிபு' இரண்டும் வந்தால் குழப்பம் உறுதி. 'துணிச்சல்' தப்பிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அரிஸ்டாட்டிலுக்குக் கோழைமை ஒரு முனை, அளவுமீறிய நம்பிக்கை மறுமுனை, நற்குணம் இரண்டுக்கும் நடுவில். பலர் மறுமுனைக்குத்தான் 'அசட்டுத் துணிச்சல்' என்று எழுதுகிறார்கள். 'துணிச்சல்' நடுவுக்கு வந்தால் மறுமுனைக்கு வேறு சொல் வேண்டும். 'அஞ்சுவ தஞ்சாமை பேதைமை' (குறள் 428) அதையே சொல்கிறது. 'பேதை அஞ்சாமை' என்று வைக்கலாம். புறநானூறு 182இலும் உலகைத் தாங்குவோர் 'பிறர் அஞ்சுவது அஞ்சி' வாழ்பவர்கள்தாம்.

செ. எழுதியது:

'துணிச்சல்' பேச்சுவழக்கு. அப்படியானால் 'தறுகண்மை' (அஞ்சாமை) என்று வையுங்கள். தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் நான்கில் ஒன்றாகச் சொன்ன சொல். குறள் 773ஐப் பாருங்கள்: 'பேராண்மை என்ப தறுகண்'. பகைவனுக்கு இடர் வந்தால் உதவும் ஊராண்மை அதன் எஃகு, அதாவது கூர்மை. தறுகண் முதலில், அறம் அதன்மேல் ஏறும் கூர். பா. கேட்கும் பிரிவினை இதிலேயே இருக்கிறது!

மா. எழுதியது:

பொருத்தம் அருமை. ஆனால் முதலாண்டு மாணவர் தேர்வுத்தாளில் அதை எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பைத் தேடுவார். ஒன்று செய்யலாம்: நடுநிலைக்குத் 'துணிச்சல்', நற்குணத்துக்கு 'வீரம்'. தகராறு முடிந்தது.

பா. எழுதியது:

அங்கேதான் இடறுகிறது, அம்மா. இரண்டு சொல்லாகப் பிரித்தால் பாடமே கலைந்துவிடும். பிளேட்டோவின் உரையாடலில் புரோத்தகோரஸ் என்ற ஆசிரியர், அநியாயக்காரர் பலர் மிகுந்த அஞ்சாமை உடையவர்கள் என்கிறார். சாக்ரடீஸ் அதை உடைக்கப் பார்க்கிறார். 1970களில் பிரிட்டிஷ் மெய்யியலாளர் பிலிப்பா ஃபூட் சொன்னது: கொலைகாரனிடம் அது இருக்கலாம், ஆனால் அங்கே நற்குணமாக வேலை செய்யவில்லை. இன்னொரு மெய்யியலாளர் பீட்டர் கீச் அந்தப் பெயரையே தர மறுக்கிறார். இவர்கள் எல்லோரும் ஒரே சொல்லுக்காகச் சண்டையிடுகிறார்கள். நாம் ஆளுக்கொரு சொல் கொடுத்தால் சண்டை எதற்கு என்று மாணவருக்கு விளங்காது. தலைச்சொல் ஒன்றே இருக்கட்டும். நற்குணம் என்று திட்டமாகச் சொல்லும் இடத்தில் மட்டும் முன்னே 'அற' சேர்க்கலாம்.

கு. எழுதியது:

அப்படியானால் துணிச்சல், அறத்துணிச்சல், கோழைமை, பேதை அஞ்சாமை. நான்கு வடிவமும் கிளைக்கின்றன: துணிச்சல், துணிச்சலான, துணிச்சல்காரர், துணிச்சலின்மை. எனக்குச் சம்மதம்.

மா. எழுதியது:

எனக்கும். 'பேதை அஞ்சாமை' மட்டும் உறுத்துகிறது. பேதை என்றால் ஏழு வயதுப் பெண் என்றும் பொருள் உண்டே?

செ. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்பாடில்லை. அரிஸ்டாட்டில் போர்க்களச் சாவை நேருக்கு நேர் பார்ப்பவனைப் பற்றி எழுதுகிறார். மேடையில் முதன்முறை பேசும் சிறுவனுக்குச் சொல்லும் சொல்லை அவனுக்கும் கொடுக்கிறோம். பின்னிணைப்பில் 'தறுகண்மை'யும் இருக்க வேண்டும், இணைச்சொல்லாக, அடைப்புக்குறிக்குள் ஒதுக்காமல்.