புதுப்பிப்பு: வைத்தியசாலைக் கழிவு எரியுலையின் உட்சுவர்

கொழும்பில் நாங்கள் பராமரிக்கும் வைத்தியசாலைக் கழிவு எரியுலையின் உட்சுவருக்கு எந்தப் பொருள் பொருத்தமென்று முன்னர் கேட்டிருந்தேன். அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு) கூடிய தீக்கல்லையே பலரும் பரிந்துரைத்தீர்கள். புகையை மீண்டும் எரிப்பதற்கான, 1100 பாகை செல்சியசை எட்டும் இரண்டாம் அறைக்கு அதையே வைக்கிறோம். கழிவு எரியும் முதல் அறையின் கீழ்ப்பகுதியிலோ சூட்டைவிட இரசாயனத் தாக்கமே பெரிது: சேலைன் உப்பிலிருந்து எழும் சோடிய ஆவி களிமண் கல்லுக்குள் ஊடுருவி, அங்கே புதிய கனிமங்களாகிப் பருத்து, கல்லைப் படைபடையாக உரித்துவிடுகிறது, மருந்துக்குப்பிகளின் உருகிய கண்ணாடியும் மேற்பரப்பில் ஒட்டி அதை அரிக்கிறது. ஆகவே அங்கே சிலிக்கன் காபைட்டு வார்ப்புக் கலவையை (நீருடன் குழைத்து, கொங்கிரீட்டுப்போல் வார்த்து இறுகவிடும் தீத்தாங்கு கலவை) தெரிவுசெய்தோம். அது வெப்பத்தை எளிதில் கடத்துவதால், இரும்புக் கூட்டைக் காக்கப் பின்னால் காப்புக்கல் கட்டாயம் வேண்டும். எந்தக் கலவையானாலும் முதற் சூடேற்றலை அவசரப்படுத்தாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்; 110 பாகையை ஒட்டி நிறுத்தி ஈரத்தை மெதுவாக வெளியேற்றாவிட்டால், உள்ளே அடைபட்ட நீராவி புதுச் சுவரையே வெடிக்கச் செய்யும்.