மகளைக் கோடை விடுமுறையில் இறையியல் படிக்க அனுப்பலாமா?

நெல்லைக்காரி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் அட்லாண்டா பக்கம் ஜான்ஸ் க்ரீக்கில் இருக்கிறோம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மகள் ஆகஸ்டில் பதினோராம் வகுப்புக்குப் போகிறாள். எமரி பல்கலைக்கழகத்தின் கேண்ட்லர் இறையியல் கல்லூரி, பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய யூத் தியாலஜிக்கல் இனிஷியேட்டிவ் என்ற கோடைக்கால இறையியல் திட்டம் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். விண்ணப்பம் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

கேள்வி கேட்பது அவளுக்குப் புதிதில்லை. போன மாதம் ஞாயிறு பள்ளியில், இஸ்ரவேலர் எரிகோ பட்டணத்தைப் பிடித்துப் பிள்ளைகள் உட்பட எல்லோரையும் அழித்த பைபிள் கதை வந்தபோது, "எரிகோவிலிருந்த குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கேட்டிருக்கிறாள். பாடம் எடுத்த அங்கிள் உடனே ஜெபம் பண்ணி வகுப்பை முடித்துவிட்டாராம். போய்வந்தால் இருக்கிற விசுவாசமும் போய்விடுமோ என்று கணவருக்குப் பயம். மாமியாருக்கு வேறு கவலை: "பொம்பளப்பிள்ள ஐயராகப் போகுதாக்கும்?" (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்.) பிள்ளைகளை அனுப்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

டாலஸ் விசுவாசி:
சிஸ்டர், தப்பாக நினைக்காதீர்கள். பதினாறு வயதில் வேண்டியது அஸ்திபாரம், ஆராய்ச்சி இல்லை. நல்ல யூத் கேம்ப் பார்த்து அனுப்புங்கள். ஆராதனை, சாட்சி, பரிசுத்த ஆவியின் அபிஷேகம். அது போதும்.

தக்கலை அம்மா:
தங்கச்சி, என் மகன் 2016-இல் அங்கே போனான். டாலஸ் தம்பி சொல்கிற கேம்ப்புக்கும் அதற்கு முன்னாலேயே இரண்டு தடவை போயிருக்கிறான். கேம்ப்பின் கடைசி ராத்திரி அழுதுகொண்டே கை தூக்குவான், பள்ளிக்கூடம் திறந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. இது வேறு மாதிரி. வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், எதிரே இருப்பவர் ஒத்துக்கொள்ளாததை உட்கார்ந்து கேட்க வேண்டும். கல்லூரி மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்ததுதான், ஆனால் பிள்ளைகள் பல சபைகளிலிருந்தும் வருவார்கள். அவன் அறைத்தோழன் கத்தோலிக்கன்.

1993-இல் தொடங்கியது இது, நேற்று முளைத்ததில்லை. இண்டியானாபொலிஸில் இருக்கிற லில்லி அறக்கட்டளை பணம் கொடுத்துத்தான் ஆரம்பித்தார்கள். வருகிற பிள்ளைகளை 'ஸ்காலர்' என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அதை வைத்தே அவனை ஒரு வருஷம் கேலி பண்ணினோம். மார்ட்டின் லூதர் கிங் போதகராயிருந்த எபநேசர் பாப்டிஸ்ட் ஆலயம் அதே அட்லாண்டாவில்தானே இருக்கிறது, அங்கே போய்வந்த அன்றைக்கு போனில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

சரி, விசுவாசம் போனதா என்று கேட்டாய். எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். இவன் அப்பா வருஷக்கணக்கில் பைபிளில் 91-ஆம் சங்கீதம்தான் வாசிப்பார், கர்த்தர் காப்பார் என்று சொல்கிற பாட்டு, மனப்பாடம். வந்த மூன்றாம் நாள் இவன், "டாடி, இன்னைக்கு 88 வாசிக்கலாமா?" என்றான். எடுத்து வாசித்துப் பார், தங்கச்சி. மற்ற புலம்பல் சங்கீதங்களில் எல்லாம் எங்கேயாவது ஒரு நம்பிக்கை எட்டிப் பார்க்கும். இதில் கடைசி வரியிலும் இருட்டுதான், ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அவர் வாசித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, "உங்க தாத்தா போன அன்னைக்கு ராத்திரி நான் இதைத்தான் வாசிச்சேன்" என்றாள். நாற்பது வருஷத்தில் எனக்கே சொன்னதில்லை.

மகன் இப்போது கணக்கெழுதும் வேலையில் இருக்கிறான். உன் மாமியாரிடம் சொல், போகிறவர்கள் எல்லோரும் ஐயராகிவிடுவதில்லை. ஆனால் ஒன்று, கேள்வி வீட்டுக்கு வரும். உன் வீட்டுக்காரர் அதற்குத் தயாரா என்று பார்த்துக்கொள்.

சவுத் பெண்ட் அந்தோணி:
அக்கா சொன்னதோடு ஒரு நடைமுறை விஷயம். லில்லி பணத்தில் இதுபோன்ற திட்டங்களை வேறு பல கல்லூரிகளும் நடத்தியிருக்கின்றன, இது ஒன்றுதான் வழி என்று இருக்க வேண்டாம். எங்கள் ஊர் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு 'விஷன்' என்று நடத்துவார்கள். எதுவானாலும் நாள் கணக்கும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பழைய தகவலை நம்பாமல் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள். உதவித்தொகை உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தால் போதகரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், கிறிஸ்துமஸ் நேரத்தில் அவரைப் பிடிக்க முடியாது.

நெல்லைக்காரி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. நேற்று ராத்திரி 88-ஐ எடுத்து நான் மட்டும் தனியாக வாசித்தேன். கணவரிடம் இன்னும் காட்டவில்லை. விண்ணப்பக் கட்டுரைக்கு எரிகோவையே எழுதப்போகிறாளாம் மகள்.