கறியைப் பங்கிடுகிறவர்கள் காசில் மட்டும் கஞ்சர்களா?

கேள்வி (முதலாண்டு மாணவன்):
எம்.ஏ. மானுடவியல் படிக்கிறேன், வியாழக்கிழமை செமினார். தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்காரர்கள் பெரிய மிருகத்தை வீழ்த்தினால் முகாமே சாப்பிடும் என்கிறார்கள். 'அல்டிமேட்டம்' என்று ஒரு விளையாட்டு: ஒருவரிடம் காசைக் கொடுத்து, எதிராளிக்கு எவ்வளவு என்று சொல்லச் சொல்வார்கள்; எதிராளி வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதே மக்களை இதை ஆடவைத்தபோது, சிறிய முகாம்களில் எதிராளிக்குத் தர முன்வந்தது சராசரியாக 27 சதவீதம்தானாம். எதை நம்புவது?

பதில் 1:
காசென்றால் யாருக்கும் கை இறுகும். இதில் என்ன ஆச்சரியம்?

பதில் 2 (ஓய்வுபெற்ற பொருளியல் வாத்தியார்):
அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தோனேசியாவின் லமலேரா திமிங்கில வேட்டைக்காரர்கள் சராசரியாக 58 சதவீதம் கொடுத்தார்கள். (சூதாட்டம் போலத் தெரியக் கூடாதென்று அங்கே காசுக்குப் பதில் சிகரெட்!) தனியாளாகத் திமிங்கிலம் பிடிக்க முடியாது, எந்தத் துண்டு யாருக்கு என்பது அங்கே பழைய வழக்கம்.

ஹட்சா கதை வேறு, தம்பி. கறி எல்லார் கண்ணிலும் படும், வந்து கேட்பார்கள், மறுப்பது கஷ்டம். ஒளிக்க முடிந்தால் ஒளிப்பதும் உண்டு. விளையாட்டிலோ எதிராளி யாரென்றே தெரியாது. வந்து கேட்க யார் இருக்கிறார்கள்? என் வகுப்பில் இதை ஆடவைத்திருக்கிறேன். பெயர் எழுதாமல் ஆடியபோது 10 ரூபாயில் 2, 3 என்று வந்தது. பெயரைப் பலகையில் போடுவேன் என்றதும் எல்லாரும் 5!

பாப்புவா நியூ கினியின் ஆவ், க்னாவ் மக்களில் சிலர் பாதிக்கு மேல் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். அங்கே கேட்காமல் வரும் பரிசு தலையில் ஏறும் கடன். நம் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவன்:
சார், அப்போது தாராளத்தை எப்படித்தான் அளப்பது?

பதில் 2:
தராசு எடுத்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். பராகுவேயின் ஆச்சே மக்களோடு மானுடவியலாளர்கள் கிம் ஹில்லும் ஹில்லார்ட் காப்லனும் அப்படித்தான் காட்டுக்குள் போனார்கள். கிடைத்த உணவை நிறுத்து, யார் வாய்க்குப் போனது என்று குறித்தார்கள். கறியில் பெரும்பங்கு வேட்டையாடியவரின் குடும்பத்துக்கு வெளியேதான் போனது. விளையாட்டிலும் ஆச்சேக்கள் ஏறக்குறையப் பாதி கொடுத்தார்கள். அங்கே இரண்டும் ஒத்துப்போனது, ஹட்சாவில் ஒத்துப்போகவில்லை. செமினாரை அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறம், பெரிய ஹட்சா முகாமில் அதே விளையாட்டில் 40 சதவீதம் வந்தது. அதை விட்டுவிடாதீர்கள், யாராவது கேட்பார்கள்.