பாட்டி அறைக்கு ஏசி: ‘பெரிய வீடு’ குழுவில் ஒரு மாலை

மல்லிகா: நேற்றும் அத்தை தூங்கவில்லை. நடு இரவில் எழுந்து கூடத்துக்கு வந்து வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். அந்த மேற்கு அறையில் ஒரே வெக்கை.

செல்வி: ஐயோ. அம்மா என்னிடம் போனில் ஒன்றும் சொல்லவில்லையே

மல்லிகா: உன்னிடம் எப்போது சொல்லியிருக்கிறார்

முருகேசன்: ஞாயிறுக்குள் ஏசி போட்டுவிடலாம். 2 டன். ஆளுக்கு ஒரு பங்கு. எல்லோருக்கும் சம்மதமா?

அருண்: சரி பெரிய மாமா

செல்வி: சரி

கண்ணன்: அண்ணே, பொறுங்கள். அந்தச் சின்ன அறைக்கு 2 டன் வேண்டாம். வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

செல்வி: ஆரம்பித்துவிட்டான்

கண்ணன்: அம்மாவுக்குப் பகலைவிட இரவில்தான் கஷ்டம், கவனித்தீர்களா? பகல் முழுக்கத் தளம் வெயிலை வாங்குகிறது. கான்கிரீட் மெதுவாகச் சூடேறி, அந்தச் சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு அறைக்குள் இறக்குகிறது. காற்று 29 டிகிரியில் இருந்தாலும் தலைக்கு மேலே தளம் 38 டிகிரியில் இருந்தால் உடம்பு அந்த அனலையும் வாங்கும். காற்றின் வெப்பமும் சுற்றியுள்ள சுவர், தளத்தின் வெப்பமும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சேர்ந்ததுதான் உடம்புக்குத் தெரியும். ஏசி காற்றைச் சீக்கிரம் குளிரவைக்கும். தளம் அனல் விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

யாழினி: சித்தப்பா, சுருக்கமாக

கண்ணன்: தளத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு. மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல். அப்புறம் சின்ன ஏசி.

முருகேசன்: அந்த மரம் இருந்தவரை மேற்கில் நிழலுக்குக் குறைவில்லை.

செல்வி: அண்ணே, மறுபடியும் மரமா

மல்லிகா: சொல்லட்டும். தினமும் சருகு அள்ளியது நான்தானே.

முருகேசன்: நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

யாழினி: ஜன்னலில் கனமான திரை இருக்கிறதே, போதாதா?

கண்ணன்: திரையில் வெயில் படும்போது அது கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடும். கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். மேற்கு வெயில் சாய்வாக வருவதால் மேலே இருக்கும் சன்ஷேடு மட்டும் பயன்படாது. மூங்கில் தட்டியோ சாய்வுப் பலகையோ செங்குத்தாக நிற்க வேண்டும்.

அருண்: மாமா, ஒரு பெயிண்ட் காணொளி வந்தது. 15 டிகிரி குறையுமாம். உண்மையா?

கண்ணன்: தளத்தின் மேற்பரப்பில் அவ்வளவு குறையலாம். அறைக்குள் சில டிகிரிதான். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஆனாலும் செய்ய வேண்டிய வேலைதான். புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தூசி படியப் படியக் குறையும், கழுவ வேண்டும்.

செல்வி: உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும்

கண்ணன்: அக்கா, அப்போதும் தளம் வெயிலில் காய்ந்துகொண்டுதான் இருக்கும். தினமும் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும், ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது. வெப்பத்தைத் தடுக்கும் பலகையைத் தளத்துக்கு மேலே போட்டால் அறையோடு தளமும் பிழைக்கும். 5 செ.மீ. பாலிஸ்டைரீன் பலகை தடுக்கிற அளவு வெப்பத்தைக் கான்கிரீட்டால் மட்டும் தடுக்க 2 மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும்.

செல்வி: 2 மீட்டரா!!

மல்லிகா: தம்பி, தளம் இருக்கட்டும். அந்த அறையின் வடக்குச் சுவர் ஓதத்தைப் பற்றி யாராவது பேசுங்கள். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. அத்தைக்கு இருமல் விடவே இல்லை.

முருகேசன்: புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தோமே

மல்லிகா: ஒவ்வொரு வருஷமும்.

கண்ணன்: மதினி சொல்வதுதான் முதல் வேலை. கட்டட அறிவியலில் ஜோசப் லிஸ்டிபுரெக் என்ற கனடாக்காரர் ஒரு வரிசை சொல்வார். முதலில் தண்ணீரைத் தடு, அப்புறம் காற்று, அப்புறம் நீராவி, கடைசியில்தான் வெப்பம். வீட்டை அரிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மதினி, கறை எந்த உயரத்தில் இருக்கிறது? கீழே உப்புப் பூத்தால் தரையிலிருந்து ஏறும் நீர். மேலிருந்து இறங்கினால் தளக் கசிவு. அலமாரி மறைவில் மட்டும் கறுத்தால் நீராவி படிகிறது.

மல்லிகா: முழங்காலுக்குக் கீழே உப்பு. அலமாரிக்குப் பின்னால் கறுப்பு.

கண்ணன்: அப்படியென்றால் இரண்டு நோய். வெளியே அந்தச் சிமெண்ட் தரை எந்தப் பக்கம் சாய்கிறது?

யாழினி: சுவர் பக்கம். மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் நிற்கும்.

செல்வி: அதைப் போட்டது யார் அண்ணே?

முருகேசன்: அப்போது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னீர்கள்.

கண்ணன்: அதை உடைத்து, சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் 15 செ.மீ. இறங்குகிற மாதிரி சரிவு வைக்க வேண்டும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கவே கூடாது. நீர் ஏறுவது நிற்காது, காய வழியில்லாமல் பூச்சைத் தள்ளிவிடும்.

அருண்: அந்தக் கறுப்பு இங்கேயும் இருக்கிறது மாமா. ஆனால் குளிர்காலத்தில்தான். காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

செல்வி: அருண், இந்த முறையாவது லீவுக்கு வருகிறாயா?

அருண்: பார்க்கிறேன் அம்மா

செல்வி: இரண்டு வருஷமாகப் பார்க்கிறாய்

கண்ணன்: ஒரே விதிதான் அருண். அங்கே உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் படுகிறது. இங்கே வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று, ஏசி குளிரவைத்த சுவரில் படும். 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று சுமார் 24 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீர் கோக்கும். அண்ணே, 2 டன் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். 1 டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். அறைக்கு மீறிய ஏசி கொஞ்ச நேரத்தில் குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அவகாசம் இருக்காது. அம்மா படுத்திருப்பது சில்லென்ற ஈர அறையாகிவிடும். இருமல் கூடும்.

மல்லிகா: கேட்டீர்களா

முருகேசன்: கேட்டேன்.

யாழினி: அப்படியானால் எல்லாவற்றையும் அடைத்துவிடுவதா? மூச்சு முட்டாதா?

அருண்: இங்கே வாசல் கதவில் பெரிய ஃபேன் மாட்டி வீட்டு இடுக்குகளில் காற்று எவ்வளவு ஒழுகுகிறது என்று அளக்கிறார்கள்

கண்ணன்: அதேதான். 50 பாஸ்கல் அழுத்தத்தில் அளப்பார்கள். 1977இல் கனடாவின் ரெஜைனாவில் காற்று ஒழுகாத ஒரு வீடு கட்டிப் பார்த்தார்கள். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வந்தது, சூடாக்கவும் குளிரவைக்கவும் மிகக் கொஞ்சம் ஆற்றலே தேவைப்படும் வீடு. இரண்டிலும் ஒழுகலை அடைத்தார்கள், நல்ல காற்று வர வேறு வழியும் வைத்தார்கள். யாழினி, நமக்கு இவ்வளவுதான்: குளியலறையிலும் சமையலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். வெளியே சூடாக இருக்கும்போது ஜன்னலை மூடு, குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னலைத் திற. மேலே வென்டிலேட்டர் இருந்தால் சூடான காற்று அது வழியே போகும்.

மல்லிகா: அந்த வென்டிலேட்டரைத்தான் புறா வருகிறதென்று செங்கல் வைத்து அடைத்தாயிற்றே

முருகேசன்: புறா வந்தது உண்மைதானே

கண்ணன்: வலை போடலாம் அண்ணே. கரண்ட் போன ராத்திரியையும் நினைத்துப் பாருங்கள். எந்த ஏசியும் ஓடாது. நிழலும் வெள்ளைத் தளமும் அந்த வென்டிலேட்டரும்தான் அம்மாவைக் காப்பாற்றும்.

செல்வி: இது நியாயம்

யாழினி: நான் மேலே போய்த் தளத்தைப் படம் எடுத்து அனுப்பட்டுமா? ஏணி எங்கே?

மல்லிகா: பக்கத்து வீட்டில். உன் அப்பா கொடுத்தது.

முருகேசன்: நாளை வாங்கிவிடுகிறேன். கண்ணா, ஒரு விஷயம். காலையிலேயே 2 டன்னுக்குச் சொல்லிவிட்டேன்.

செல்வி: அண்ணே!!

கண்ணன்: வரவில்லையே இன்னும்? 1 டன்னாக மாற்றச் சொல்லுங்கள்.

முருகேசன்: 1.5 போடலாம். நடுவில்.

கண்ணன்: நடுவில் இல்லை அண்ணே, கணக்குப் போட வேண்டும். அறையின் நீளம் அகலம் அனுப்புங்கள்.

முருகேசன்: கொத்தனார் செவ்வாய்க்கிழமை வருவார். சரிவையும் பூச்சையும் அவரிடம் கேட்கிறேன். ஏசி அதற்கு அப்புறம்.

மல்லிகா: அதுவரை அத்தை எங்கள் அறையில் படுக்கட்டும். இவர் கூடத்தில் படுக்கட்டும்.

செல்வி: சரி மதினி. பங்கு எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள், நான் இப்போதே அனுப்பிவிடுகிறேன்