கூரை இல்லாத கடைவீதி: ஊட்டி, கொடைக்கானல் அனுபவங்கள்

கோவைக்காரி:
போன ஜூலையில் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப் போயிருந்தேன். எங்கள் ஊர் மாலுக்குள் நுழைந்தால் அரை மணி நேரத்தில் "தலை வலிக்குது, போலாம் கண்ணு" என்பார். ஏசியும் ஒத்துக்கொள்ளாது, எஸ்கலேட்டர் என்றால் பயம் வேறு. அதே அம்மா சேரிங் கிராஸில் இறங்கி கமர்ஷியல் ரோடில் மூன்று மணி நேரம் நடந்தார். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் வானம் தெரிகிறதே, எனக்குத் தோன்றும் காரணம் அதுதான். ஸ்வெட்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தால் முகத்தில் மூடுபனி. டீத்தூள் கடைக்குப் போவதற்குள் சாரல். குடையை விரித்தால் வெயில்!

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலை விற்கும் கடையில் நேரம் போனதே தெரியவில்லை. வெளிர்நிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை. அங்கிருந்த அக்கா சால்வையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "எது மேல்பக்கம், சொல்லுங்க" என்றார். எங்களால் சொல்ல முடியவில்லை. துணியில் எதுவும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை ஏற்றுகிறார்கள் தோடர் பெண்கள். அம்மா முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கட்டத்தின் இழைகளை விரல்நகத்தால் தொட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். பாதியில் கணக்கு தப்பியது, மறுபடி முதலிலிருந்து. அந்த அக்கா அவசரப்படுத்தவே இல்லை. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சால்வை எங்கள் கைக்கு எட்டவில்லை, ஒரு சின்ன பர்ஸ் மட்டும் வாங்கினோம்.

ஊட்டிக்காரன்:
அந்த சேரிங் கிராஸ் நீரூற்றைப் பார்த்தீர்களா? சென்னை ஆளுநராக இருந்த ஆடம் நினைவாக 1886இல் கட்டியது. "ஃபவுண்டன்கிட்ட நிக்கிறேன்" என்றால் ஊரில் யாருக்கும் வழி சொல்ல வேண்டாம். அப்புறம் ஒன்று, மே மாதம் வராதீர்கள். நடக்கவே இடம் இருக்காது. இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், துணிப்பையும் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பை இங்கே கிடையாது.

வத்தலக்குண்டு வாசி:
எனக்குக் கொடைக்கானல்தான். ஏழு ரோடு சந்திப்பிலிருந்து பி.டி. ரோடு பக்கம் நடந்தால் பேக்கரி, சீஸ், கைவினைப் பொருள் என்று சின்னச் சின்னக் கடைகள். கண்ணாடிக் கதவும் பளபளப்பும் குறைவு, சரக்கு உசத்தி. ஒருநாள் மண் கோப்பைகள் பார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. கடைக்கார அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, தெருவில் நனைந்துகொண்டிருந்தவர்களையும் உள்ளே கூப்பிட்டார். "வாங்கணும்னு இல்ல, ஓரமா நில்லுங்க" என்றார். அந்த வெளிச்சத்தில்தான் என் கோப்பையின் அடியில் வனைந்தவரின் விரல்தடம் சுழியாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். தினமும் காபி அதில்தான். சரி, அம்மா அந்தச் சால்வையை விட்டுவிட்டாரா?

கோவைக்காரி:
எங்கே விட்டார், அண்ணா! மாதாமாதம் அந்தப் பர்ஸிலேயே பணம் சேர்க்கிறார். டிசம்பரில் மறுபடி போகிறோம்.